வேலையா, ஃப்ரீலான்ஸா, முழுநேரமா: குமரியில் இருந்துகொண்டு சொந்த கேம் உருவாக்குவோருக்கான வழிகள்

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ பொறியியல் படித்து முடித்து, நிரல் எழுதுவதில் தேர்ச்சியும் விளையாட்டுகளை உருவாக்குவதில் தீராத ஆசையும் கொண்ட ஒருவர், முப்பது வயதை எட்டுவதற்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. பிழைப்புக்கு என்ன செய்வது, சொந்த விளையாட்டுக்கு எந்த நேரத்தைக் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை காண வேண்டிய முடிவு அது. விளையாட்டு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேரலாம். விளையாட்டோடு தொடர்பில்லாத மென்பொருள் வேலையைப் பார்த்துக்கொண்டு இரவில் சொந்தப் பணியைச் செய்யலாம். வீட்டிலிருந்தபடியே வெளியாருக்கு ஃப்ரீலான்ஸாக நிரல் எழுதிக் கொடுக்கலாம். கையிலுள்ள சேமிப்பை நம்பி முழுநேரமும் சொந்த விளையாட்டில் இறங்கலாம். நான் மூன்றாவது வழியில் வாழ்கிறேன். நம் மாவட்டத்துச் சூழலில் பெரும்பாலோருக்கு அதுவே பொருந்தும் என்று கருதுகிறேன். ஆனால் கல்லூரியை விட்டு வந்தவுடன் அதில் இறங்குவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வழிகளை மாதச் சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று பார்ப்பவர்களும் உண்டு. நான் பார்ப்பது, நாளின் எந்த நேரம் சொந்த விளையாட்டுக்குக் கிடைக்கிறது, அந்த நேரத்தில் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே. இதை விளக்க, நான் உருவாக்கிவரும் விளையாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். அது பாசன நீரைப் பங்கிடும் விளையாட்டு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலிருந்தும் கால்வாய் வழியாகக் குளங்களுக்கும் வயல்களுக்கும் வரும் நீரை, எந்த மடையை எப்போது திறந்தால் கடைமடை விவசாயிக்கும் போய்ச்சேரும் என்று ஆடுபவர் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கான நிரலில் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, அடுத்த கட்டத்தோடு உள்ள மட்ட வேறுபாட்டுக்கு ஏற்ப நீரை நகர்த்துவதே எளிய முறை. ஆனால் ஒரு கட்டத்தைக் கணக்கிட்ட உடனே அதன் மதிப்பை மாற்றிவிட்டால், கட்டங்களை எந்த வரிசையில் கணக்கிடுகிறோமோ அந்தப் பக்கம் நீர் விரைந்து பாய்ந்து மறுபக்கம் தயங்கி நிற்கும். ஆகவே பழைய நிலைக்கு ஓர் அட்டவணையும் புதிய நிலைக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியே வேண்டும். வேறுபாடு முழுவதையும் ஒரே படியில் நகர்த்தினால் இரண்டு கட்டங்களுக்கு இடையே நீர் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். மிகச் சிறிய பங்காக நகர்த்தினால் கடைமடைக்கு நீர் போய்ச்சேர்வதற்குள் ஆடுபவர் சலித்துப்போவார். திரையில் நொடிக்கு 60 சட்டகங்கள் (அசையும் படத்தின் தனித்தனிப் படங்கள்) ஓட வேண்டுமானால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.67 மில்லி நொடி மட்டுமே. படம் வரைவதும் ஒலி எழுப்புவதும் ஆடுபவரின் கட்டளையைப் படிப்பதும் இந்த நீர்க்கணக்கும் அதற்குள் முடிந்தாக வேண்டும். இத்தனையையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொண்டு யோசிக்க, இடையூறில்லாத மூன்று மணி நேரமாவது தேவைப்படுகிறது. அரை மணி நேரம் வீதம் ஆறு முறை உட்கார்ந்தால் அதே வேலை நடப்பதில்லை.

இந்த அளவுகோலோடு முதல் வழியைப் பார்ப்போம். விளையாட்டு நிறுவனங்கள் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும்தான் மிகுதி. அங்கே சேர்ந்தால் கிடைக்கும் கல்வி வேறெங்கும் கிடைக்காது. ஓவியரும் ஒலியமைப்பாளரும் சோதனையாளரும் சேர்ந்து இயங்கும் முறை, பிறர் எழுதிய பெரிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம், ஒரு விளையாட்டை வெளியிடும் நாளுக்குள் எதை வெட்டி எறிய வேண்டும் என்ற துணிவு ஆகியவற்றைத் தனியாக இருந்து கற்க நெடுங்காலம் ஆகும். லூகாஸ் போப் என்ற விளையாட்டு உருவாக்குநர், புகழ்பெற்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனமான நாட்டி டாக்கில் பணியாற்றிவிட்டு வெளியேறிய பிறகுதான் 2013இல் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற விளையாட்டைத் தனியாளாக உருவாக்கி வெளியிட்டார். அந்த விளையாட்டின் கச்சிதத்தில் பெரிய நிறுவனத்தில் பெற்ற பயிற்சி தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் பகல் முழுவதும் பிறருடைய விளையாட்டுக்காக இதே வகைச் சிக்கல்களைத் தீர்த்துவிட்டு வருபவருக்கு, இரவில் தன் விளையாட்டுக்கென்று அதே வகை யோசனை மிஞ்சுவதில்லை. வேறொரு தடையும் உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைக்கிறது. பணியாளர் ஒருவர் தம் பணியின் பகுதியாக எழுதும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளியே முதல் உரிமையாளர் என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் எழுதியது இதற்குள் வராது என்று வாதிடலாம். ஆயினும் வேலையும் விளையாட்டு, சொந்தப் பணியும் விளையாட்டு என்றிருக்கும்போது எல்லைக்கோடு மங்கிப்போகிறது. போதாக்குறைக்குப் பல நிறுவனங்களின் பணி உடன்படிக்கைகள் அந்தக் கோட்டை நிறுவனத்தின் பக்கம் தள்ளியே எழுதப்பட்டிருக்கின்றன. கையொப்பமிடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படித்து, சொந்தமாக உருவாக்கிவரும் விளையாட்டின் பெயரைக் குறிப்பிட்டு, அது தமக்கே உரியது என்று எழுத்தில் விலக்குப் பெறுவது நல்லது. கேட்டால் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்திய விளையாட்டுத் துறையின் வேலைவாய்ப்பில் பெரும் பங்கு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சார்ந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றியபோது, அந்நிறுவனங்களில் இருந்த நிரலாளர்கள் பலர் வேலை இழந்தனர். வேலை என்றால் உறுதி, சொந்தத் தொழில் என்றால் ஆபத்து என்று வீட்டில் போடப்படும் கணக்கு இந்தத் துறைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

இரண்டாவது வழி, நம்மவர்கள் மிக எளிதாகத் தேர்ந்தெடுப்பது. 1990இல் தொடங்கப்பட்ட, மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த வளாகமான திருவனந்தபுரம் டெக்னோபார்க் நமக்கு வாய்த்த அண்டை வீடு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். வங்கி மென்பொருளோ மருத்துவமனை மென்பொருளோ எழுதும் வேலையில் சேர்ந்து, மாதம் தவறாத சம்பளத்தோடு, மனத்தின் விளையாட்டுப் பகுதியை யாரிடமும் விற்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பலம். ‘கேவ் ஸ்டோரி’ என்ற விளையாட்டை உருவாக்கிய ஜப்பானியர் டைசுகே அமயா, ஓய்வு நேரத்தில் மட்டுமே உழைத்து, ஐந்து ஆண்டுகளில் அதை முடித்து 2004இல் இலவசமாக வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் வெளிவந்து முதல் மாதத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்ற ‘பலாட்ரோ’ என்ற விளையாட்டும், அதை உருவாக்கியவர் வேறு வேலையில் இருந்தபோது பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான்.

இவ்வழியின் பலவீனம் சாலையில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்கு, பேருந்தோ ரயிலோ எதுவானாலும், ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அன்றாடம் போய்வருபவருக்கு விளையாட்டுக்கான நேரம் இரவு ஒன்பதுக்கு மேல்தான் தொடங்கும். மேலே சொன்ன நீர்க்கணக்கைப் போன்ற ஒன்றை அந்த நேரத்தில் தொடுவது பயனற்றது. அங்கேயே அறை எடுத்துத் தங்கி வார இறுதியில் ஊருக்கு வருபவருக்கு இரவுகள் கிடைக்கும், ஆனால் வார இறுதியைக் கல்யாண வீடுகளும் துக்க வீடுகளும் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் சிறிய விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை: ஒரே திரையில் முடிகிற புதிர், வாரத்துக்கு ஆறு மணி நேரத்தில் ஓர் ஆண்டுக்குள் முடியக்கூடியது. பெரிய உலகங்களைத் திட்டமிட்டு இரவுகளில் கட்ட முயல்கிறவர்களின் விளையாட்டுகள் முடிவதில்லை என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன், அவர்களில் திறமையற்றவர் ஒருவரும் இல்லை.

மூன்றாவது வழியான ஃப்ரீலான்ஸைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிய அச்சமும் மயக்கமும் ஒருங்கே மிகுதி. அதன் முதற்பெரும் நன்மை கடிகாரத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடைகாலத்தில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பெர்லினில் காலை ஒன்பது என்பது நமக்கு நண்பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. அதாவது நம் ஊரில் விடிந்து வயிறு நிறையக் கஞ்சி குடித்து உட்கார்ந்தால், மதியம் வரை எந்த வாடிக்கையாளரும் வேலைக்கு உட்கார்ந்திருப்பதில்லை. தொலைபேசி ஒலிக்காது, அவசரம் என்று யாரும் செய்தி அனுப்ப மாட்டார்கள். நாளின் மிகத் தெளிவான ஐந்து மணி நேரம், பூமி சுற்றுகிற ஒரே காரணத்தால், சொந்த விளையாட்டுக்கு வந்துசேர்கிறது. மதியத்துக்குப் பிறகு வாடிக்கையாளரின் பிழைகளைத் திருத்துவதற்குச் சற்றே களைத்த மனம் போதும். காலையில் வாடிக்கையாளர் வேலை, மாலையில் சொந்த வேலை என்று மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் இந்த நன்மையை முழுவதும் இழக்கிறார்கள்.

உரிமை விஷயத்திலும் ஃப்ரீலான்ஸருக்கு நம் சட்டம் சாதகமானது. பணியாளராக இல்லாதவர் எழுதிய நிரலுக்கு அவரே முதல் உரிமையாளர். எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். அப்படிக் கொடுக்கும்போதும் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ள வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தம் நாட்டுச் சட்டத்தின்படியே ஒப்பந்தம் எழுதுவார்கள் என்பதால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆனால் நாம் முன்பே எழுதி வைத்திருக்கும் பொதுப் பயன்பாட்டு நிரல்களை, அதாவது சேமிப்புக் கோப்பு, மொழி மாற்றம், ஒலி மேலாண்மை போன்றவற்றை, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் உரிமையோடு மட்டும் கொடுத்து, உடைமையை நம்மிடமே வைத்துக்கொள்ளும் ஒரு பத்தியைச் சேர்க்கக் கேட்கலாம். அந்த நிரல்கள்தான் பின்னர் சொந்த விளையாட்டின் அடித்தளமாகின்றன.

தொல்லைகளும் உண்டு. பணம் வருவது ஒழுங்காக இராது. ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராமலும் போகலாம். வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, முதல் பகுதிக்கான தொகையை முன்பணமாகப் பெற்ற பிறகே தொடங்குவதும், ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்திருப்பதும் இதற்கு மருந்து. சேவையின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். வீட்டுக் கடன் கேட்டால் வங்கி, சம்பளச் சீட்டுக்குப் பதிலாகக் கடந்த ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும் என்பதால், வரவு குறைவாக இருக்கும் ஆண்டிலும் கணக்குத் தாக்கல் செய்துவிடுவது பின்னால் உதவும். வீட்டுக்கு வரும் மாமாக்கள் “மக்ளே, மாசம் எவ்வளவு கெடைக்கும்?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு மாதக் கணக்கைச் சொல்வதைவிட ஆண்டுக் கணக்கைச் சொல்வது உண்மையாகவும் இருக்கும், கேட்பவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இன்வெர்ட்டரும், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பும், அன்றாடம் வெளியே நகலெடுக்கப்படும் நிரலும் இல்லாமல் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுப்பது சரியாகாது.

நான்காவது வழியில், சேமிப்பைக் கொண்டு முழுநேரமும் உழைப்பதில், ஈர்ப்பு மிகுதி. எரிக் பரோன் ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விளையாட்டை ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தனியாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்டது அனைவரும் எடுத்துச் சொல்லும் கதை. படங்கள், இசை, வசனம், நிரல் அனைத்தும் அவருடையவை. 2024 முடிவதற்குள் நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதை உருவாக்கிய காலத்தில் அவர் சியாட்டிலில் ஒரு கலையரங்கில் பகுதிநேரமாக வேலை பார்த்தார் என்பதையும், அவருடைய துணைவியின் உழைப்பும் குடும்பத்தைத் தாங்கியது என்பதையும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் மிகவும் மதிப்புடைய பகுதி அதுதான். ஒருவர் முழுநேரமும் கனவில் உழைக்கும்போது வீட்டில் இன்னொருவர் அரிசி வாங்குகிறார்; அவருடைய சம்மதம் இல்லாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை இல்லை.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு விளையாட்டைச் சராசரியாக 400 ரூபாய்க்கு, ஆயிரம் பிரதிகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம். அதில் 30 விழுக்காடு ஸ்டீமுக்குப் போனால் மிஞ்சுவது 2,80,000. வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது அங்குள்ள விதி. அதற்கும் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற பிரதிகளுக்கு, இந்தியாவுடனான வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டுப் படிவம் நிரப்பியிருந்தால் 15 விழுக்காடும், இல்லாவிட்டால் 30 விழுக்காடும் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். மாதம் 25,000 ரூபாயில் சிக்கனமாக வாழும் ஒரு குடும்பத்துக்கு, ஓர் ஆண்டுச் செலவே மூன்று லட்சம். இரண்டு ஆண்டுகள் உழைத்த விளையாட்டு ஆயிரம் பிரதிகள் விற்றால் ஓர் ஆண்டுச் செலவுக்கும் காணாது. முதல் விளையாட்டுக்கு ஆயிரம் பிரதிகள் என்பது இழிவான எண்ணிக்கையும் அல்ல.

அலைபேசி விளையாட்டு எளிது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர், ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் என்பது உண்மையே. ஆனால் விளம்பரத்துக்குப் பெரும் பணம் செலவிடுகிறவர்களின் சந்தை அது. தனியாள் ஒருவர் கவனித்துச் செய்த நுட்பமான விளையாட்டுக்குக் காசு கொடுத்து வாங்கும் பழக்கமுள்ளவர்கள் கணினியில்தான் இருக்கிறார்கள். வெளியீட்டாளரிடம் முன்பணம் பெறுவது நல்ல வழியே, ஓடக்கூடிய டெமோ (ஆடிப் பார்ப்பதற்கான மாதிரி) ஒன்று கையில் இருந்தால். இல்லாதவருக்கு அது பேசுவதற்குரிய வழியன்று.

பெங்களூருக்குப் போனால்தான் படைப்பாளி ஆக முடியும் என்று நம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பங்கரையைச் சுற்றியே அமைந்த ‘வெண்பா’ என்ற விளையாட்டு 2023இல் வெளிவந்து, மறு ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா எனும் பிரிட்டிஷ் விருதைப் பெற்றது. புட்டும் இட்லியும் உலகத்துக்குப் புரியுமென்றால், வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசைவாரியாக அறிந்து வள்ளம் செலுத்தும் குளச்சல் மீனவரின் கணக்கும், தோவாளைச் சந்தையில் விடியும் முன் நடக்கும் பூ வியாபாரமும், மேற்கே ரப்பர் தோட்டங்களில் மழை பார்த்துப் பால் வெட்டும் தீர்மானமும் புரியும். இவை அனைத்தும் விதிகளும் தேர்வுகளும் விளைவுகளும் கொண்டவை, ஆகவே விளையாட்டாகும் தகுதி உடையவை. இவற்றின் நடுவில் வாழ்கிறவர் ஒரு சந்தேகம் வந்தால் அடுத்த தெருவுக்கு நடந்துபோய்க் கேட்டுவிடலாம். ஊரில் இருக்க முடிகிற வழிகளுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவதற்கு இதுவும் காரணம்.

ஆகவே இப்போதுதான் படிப்பை முடித்தவருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகள் வேலைக்குப் போவதையே சொல்வேன். விளையாட்டு நிறுவனம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் டெக்னோபார்க். அந்த ஆண்டுகளில் சிறு படைப்பாளிகள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் இணையதளத்தில் இலவசமாகச் சிறு விளையாட்டுகளை வெளியிட்டு, தொடங்கியதை முடிக்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் கருவிகளில் யூனிட்டியைப் பிழைப்புக்காகக் கற்பது தேவை, வாடிக்கையாளர்கள் கேட்பது பெரும்பாலும் அதையே. சொந்த விளையாட்டுக்கு கோடோ என்ற கருவியைச் சொல்வேன். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், நிறுவப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்து, ஓர் ஆண்டுக்குப் பின் கைவிட்டதை மறக்க முடியாது. கோடோ, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் இடந்தரும் எம்ஐடி உரிமத்தில் உள்ள, மூல நிரல் திறந்து வைக்கப்பட்ட (திறமூல) கருவி. அதன் மீது யாரும் பின்னால் வந்து கட்டணம் போட முடியாது.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருக்க வேண்டியவரும், குழந்தைகள் உள்ளவரும், வேலை அனுபவம் இருக்குமானால் ஃப்ரீலான்ஸுக்கு மாறலாம். மாறும்போது மாத வருமான இலக்கைப் பழைய சம்பளத்துக்குச் சமமாக வைத்தால் காலை நேரம் போய்விடும். வீட்டுச் செலவையும் ஒரு சிறு சேமிப்பையும் இலக்காக வைக்க வேண்டும். முழுநேரத்தை விளையாட்டு ஏறத்தாழ முடிந்த பிறகு, கடைசி ஆறு மாதங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. அந்த ஆறு மாதங்களைத் திட்டமிடும்போது முதலில் குறிக்க வேண்டிய நாள், ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் எனும் டெமோ விழா. ஒரு விளையாட்டு அதில் ஒரே முறைதான் பங்கேற்க முடியும். ஸ்டீமில் கட்டணம் செலுத்தியபின் வெளியீட்டுக்கு 30 நாள்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும், விளையாட்டின் பக்கம் குறைந்தது இரண்டு வாரங்களாவது முன்கூட்டியே பார்வைக்கு இருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளன. நடைமுறையில் பல மாதங்கள் முன்பே பக்கத்தைத் திறந்து விஷ்லிஸ்ட் (வாங்க விரும்புவோர் குறித்து வைக்கும் பட்டியல்) சேர்ப்பது தேவை. இந்த நாள்களையெல்லாம் நாள்காட்டியில் குறித்த பிறகு, வாடிக்கையாளர்களிடம் எந்த மாதத்திலிருந்து புதிய வேலை ஏற்க இயலாது என்று மூன்று மாதங்கள் முன்னதாகவே எழுதித் தெரிவித்துவிட வேண்டும். விளையாட்டு வெளிவந்த பிறகு அவர்களில் சிலரிடமே மறுபடியும் வேலை கேட்டுப் போக வேண்டியிருக்கும்.